இன்னும் முழிக்கலையா அது?

2023 பொங்கல் விடுமுறை. குரங்கணியில் அப்பத்தா வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி ஏழுகூட ஆகவில்லை. மலையடிவாரத்தில் அதற்குள் நல்ல இருட்டு. ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பத்தா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து, சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள் திடீரென்று, "எங்கக்கா ஒருநா இந்த வழியிலதான்யா..." என்று ஆரம்பித்தாள்.

"ஒரு நிமிஷம் அப்பத்தா" என்றேன்.

அவள் சொல்வதை எழுதத்தான் அந்த முறை ஊருக்கு வந்திருந்தேன். எழுத எடிட்டரைத் திறந்தேன். வெள்ளையாக ஒரு ஜன்னல் வந்தது. அடியில் ஒரே ஒரு வரி: ஏதோ ஒரு சர்வரின் பெயரைப் போட்டு, அதைத் தொடர்புகொண்டிருப்பதாகச் சொன்னது. ஃபோனில் ஒற்றைக் கோடு சிக்னல். அது வருவதும் போவதுமாக இருந்தது. சிக்னல் சுத்தமாக இல்லாமல் இருந்தால்கூட நல்லது, எடிட்டர் உடனே தோல்வியை ஒப்புக்கொண்டிருக்கும். இப்போது அது நம்பிக்கையோடு காத்துக்கொண்டிருந்தது. நானும்.

"இன்னும் முழிக்கலையா அது?" என்றாள் அப்பத்தா.

"இந்தா முழிச்சிரும்."

ஃபோனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். பாலம் வரைக்கும் போனேன். திரும்பி வந்து ஒரு வரியை நீக்கினேன், இன்னொரு பிழை வந்தது. அதைச் சரிசெய்தால் வேறொன்று. நிமிர்ந்து பார்த்தபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது. அப்பத்தா உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள்.

*

இதைப் படிக்கிற எல்லோரும் புரோகிராமர்களாக இருக்க மாட்டீர்கள் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். நான் பயன்படுத்தும் எடிட்டர் இமேக்ஸ். 1970-களின் நடுவில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் பிறந்தது. இப்போது நாங்கள் பயன்படுத்துவது ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதி 1985-இல் வெளியிட்ட க்னூ இமேக்ஸின் வாரிசு. என்னைவிட வயதில் மூத்தது. நோட்பேட் எல்லோருக்கும் ஒரே மாதிரி திறக்கும். இமேக்ஸ் அப்படியில்லை. திறக்கும்போதே உங்கள் வீட்டு டைரக்டரியில் ஒரு கோப்பைத் தேடும். அதில் நீங்கள் என்ன எழுதி வைத்திருக்கிறீர்களோ அதை வரிவரியாகச் செய்துவிட்டுத்தான் உங்களிடம் வரும். எழுத்துரு, நிறம், எந்த விசை என்ன செய்ய வேண்டும், எந்தப் பேக்கேஜை எங்கிருந்து எடுக்க வேண்டும், எல்லாம் அதில்தான். அதுதான் தொடக்கக் கோப்பு. நாங்கள் கான்ஃபிக் என்போம்.

இந்தக் கோப்புகளின் பெயர் வழக்கமாக ஒரு புள்ளியில் தொடங்கும். புள்ளி வைத்தால் யூனிக்ஸ் அந்தக் கோப்பைப் பட்டியலில் காட்டாது. இது யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு என்று நினைத்திருந்தேன். யூனிக்ஸை உருவாக்கிய கூட்டத்தில் இருந்த ராப் பைக் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒவ்வொரு டைரக்டரியிலும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்று இரண்டு பதிவுகள் இருக்கும். அவற்றை மறைப்பதற்காக, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்க்கிற மாதிரி யாரோ சுருக்கமாக எழுதிவிட்டார்கள். அதனால் புள்ளியில் தொடங்கும் எல்லாமே மறைந்தன. ஐம்பது வருடமாக உலகத்துப் புரோகிராமர்கள் தங்கள் பழக்கவழக்கங்களை எல்லாம் ஒளித்து வைக்கும் இடம், ஒருவருடைய சோம்பலில் உண்டானது.

மதுரையில் பொறியியல் படிக்கும்போது ஒரு சீனியரிடமிருந்து என் முதல் கான்ஃபிக்கை வாங்கினேன். வாங்கினேன் என்றால் பென் டிரைவில். பதினான்கு வரி. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அது வளர்ந்தது. வேலையில் ஒரு மொழி மாறும், ஐம்பது வரி கூடும். யாராவது ஒரு வீடியோவில் புதிதாக எதையாவது காட்டுவார்கள், இருபது வரி கூடும். பத்து வருடத்தில் 2300 வரி. எதற்காகச் சேர்த்தேன் என்று எனக்கே மறந்துபோன வரிகள் பாதி. நீக்கப் பயம். நீக்கினால் எங்கே உடையும் என்று தெரியாது.

சிக்கல் பெரிதானது தமிழில் எழுத ஆரம்பித்தபோதுதான். வேலைக்கான ஏற்பாடு தமிழ் எழுத்தோடு ஓயாமல் சண்டை போட்டது. மேற்கோள் குறி போட்டால் தானே இன்னொன்றைச் சேர்த்து மூடும். ஒரு சொல்லைப் பாதி அடிப்பதற்குள், நேற்று எழுதிய கோடிலிருந்து நான்கு பெயர்களைக் கீழே தொங்கவிடும். அம்மா என்று அடிக்கப் போனால் முந்தைய கட்டுரையிலிருந்து அம்மாபட்டியைக் கொண்டுவந்து நிறுத்தும். நான் விம் எடிட்டரின் விசைமுறையை இமேக்ஸுக்குள் போட்டுப் பழகியவன். அந்த முறையில் எழுதும் நிலை வேறு, கட்டளையிடும் நிலை வேறு. கணினியின் விசைப்பலகையையே தமிழுக்கு மாற்றிவிட்டால் கட்டளை விசைகளும் தமிழாகிவிடும். ஒரு வரியை அழிக்கச் சொன்னால் அது 'உ' என்று காதில் விழுந்ததுபோல முழிக்கும். இமேக்ஸுக்கு உள்ளேயே இருக்கும் உள்ளீட்டு முறையை எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. எழுதும்போது மட்டும் தமிழ், கட்டளைக்கு வந்தால் தானாக ஆங்கிலம். அதனால் தமிழ் 99 பலகையை நானே என் கான்ஃபிக்குக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். சிஸ்டத்தில் இருந்த தமிழ்ப் பலகையைத் தூக்கிவிட்டேன். இந்த விவரம் பின்னால் வரும்.

*

ஒரே கோப்பில் நிபந்தனைகள் போட்டுச் சமாளிப்பது ஒரு வழி. அலுவலகக் கணினி என்றால் இப்படி, வீட்டுக் கணினி என்றால் அப்படி, கோப்பு தமிழில் இருந்தால் இன்னொன்று. இரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். ஒரே ஆள் மூன்று வீட்டுக்கும் சாவி வைத்துக்கொண்டு, எந்த வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பது மாதிரி இருக்கும் அது.

இன்னொரு வழி, கோப்புகளையே பிரிப்பது. வேலைக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று. ஆனால் இமேக்ஸ் பார்ப்பதோ ஒரே இடத்தில். அதற்காக கெமேக்ஸ் என்று ஒரு சிறிய கருவி இருக்கிறது. வழக்கமான இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். 'எந்த ப்ரொஃபைல்?' என்று பார்த்து உரிய கோப்பைத் திறந்துவிடும். வாட்ச்மேன் வேலை. நான் அதைப் போட்ட முதல் மாதத்தில் ஐந்து ப்ரொஃபைல் வைத்திருந்தேன். அதில் ஒன்றின் பெயர் 'புதுசு'. இன்னொன்று 'புதுசு 2'.

அந்த மாதங்களில் நான் எழுதிய கட்டுரைகள் எத்தனை என்று கேட்காதீர்கள். எழுதுவதற்கான இடத்தைச் சுத்தம் செய்துகொண்டே இருப்பது ஒரு சுகம். எழுதாமல் இருப்பதற்கு அதைவிடக் கௌரவமான காரணம் கிடைக்காது. ஞாயிறு காலை உட்கார்ந்தால் மாலைக்குள் தலைப்புகளின் நிறம் மாறியிருக்கும். கட்டுரை அப்படியே இருக்கும்.

இமேக்ஸ்காரர்கள் நடுவில் 'திவால்' என்று ஒரு பேச்சு உண்டு. கான்ஃபிக் கைமீறிப் போனால் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் கோப்பிலிருந்து ஆரம்பிப்பது. அந்தப் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் முந்தின இரவு நான் திவால் ஆனேன். அப்பத்தா சொல்வதை எழுதப் போகிறோம், அதற்குச் சுத்தமாக ஒன்று வேண்டும் என்பதுதான் சாக்கு. பழைய பேக்கேஜ்களை எல்லாம் நீக்கினேன். புதுக் கோப்பை எழுதினேன். முதல் முறை திறக்கும்போது வேண்டியதை எல்லாம் அதுவே இறக்கிக்கொள்ளும். பஸ்ஸில் இறக்கிக்கொள்ளலாம் என்று மணி இரண்டுக்குப் படுத்தேன். பஸ்ஸில் தூங்கிவிட்டேன்.

*

ஃபோனில் ரெக்கார்டு செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முன்பு முயன்றிருக்கிறேன். ஃபோனை முன்னால் வைத்தால் அப்பத்தா குரலை மாற்றிக்கொண்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, "எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று முடித்துவிடுவாள். லேப்டாப் என்றால் அவளுக்குப் பிரச்சினை இல்லை. நான் ஆபீஸ் வேலை பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள். நோட்டில் எழுதினால் அவள் பேச்சு வேகத்துக்கு என் கை ஓடாது. ஓடினாலும் என் கையெழுத்து மறுநாள் எனக்கே புரியாது.

அவள் சொல்ல ஆரம்பித்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 2018 மார்ச் 11, குரங்கணி மலைச்சரிவில் காட்டுத்தீ. மலையேற வந்தவர்களில் 23 பேர் இறந்துபோனார்கள். பேப்பரில் படித்திருப்பீர்கள். எங்கள் ஊர்ப் பெயர் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்ததே அதற்குப் பிறகுதான். அந்த நாளைப் பற்றி அப்பத்தா என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான், நான் கேட்காமலே, மேலே எந்த இடத்தில் தண்ணீர் கிடைக்கும், எந்தச் சரிவில் கோடையில் நிற்கக் கூடாது என்றெல்லாம் சொல்லத் தொடங்கினாள். ஏலக்காய் எடுக்க முப்பது வருடம் அந்த வழியில் ஏறி இறங்கியவள்.

மறுநாள் காலை, காபித் தம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். "நேத்து ஒங்கக்கா பத்தி என்னமோ சொல்ல வந்தியே அப்பத்தா."

"அதா... அது கெடக்கு விடு" என்றாள்.

அவ்வளவுதான். இன்னொரு முறை, மாலையில் கேட்டேன். சிரித்தாள். அதற்கு முன்னால் அவளுக்கு அக்கா இருந்ததே எனக்குத் தெரியாது. அப்பாவிடம் கேட்டேன். "சின்ன வயசுலயே போயிட்டாகளாம்" என்றதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு நான் புதுக் கோப்பைச் சரிசெய்ய முயலவில்லை. டெர்மினலைத் திறந்து இமேக்ஸ் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஒரு ஹைஃபனும் பெரிய 'க்யூ'வும் போட்டேன். 'என் கோப்பு எதையும் படிக்காதே, பிறந்த மாதிரி எழுந்திரு' என்று அதற்கு அர்த்தம். கண் இமைப்பதற்குள் திறந்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது. மேலே பொம்மைப் பட்டன்கள். நான் பழகிய விசை ஒன்றும் வேலை செய்யவில்லை. என் தமிழ் 99 இல்லை. ஆனால் இமேக்ஸுக்குள்ளேயே, பிறப்பிலேயே, ஆங்கில எழுத்தை ஒலிப்படி அடித்தால் தமிழாகிற ஒரு முறை இருக்கிறது. ஜப்பானில் கெனிச்சி ஹாண்டாவும் அவரோடு இருந்தவர்களும் இமேக்ஸுக்குப் பன்மொழி வசதியைச் செய்தார்கள். அது 1997-இல் வந்த 20-ஆம் பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. உலக மொழிகளில் வணக்கம் சொல்லும் ஒரு கோப்பு இமேக்ஸோடு வரும். அதில் நம்முடைய 'வணக்கம்' உண்டு. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தேவைப்படும் என்று நினைத்ததில்லை.

பதினோரு வருடப் பழக்கத்தில், என் கான்ஃபிக் இல்லாமல் என் கை எழுதாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் தடுமாறியது. பிறகு எழுதியது.

*

அன்று அப்பத்தா சொன்னது கதை இல்லை. பெயர்கள். குரங்கணியிலிருந்து மேலே போகும் வழியில் சுமை இறக்கும் கல்லுக்கு ஒரு பெயர், ஊற்றுக்கு ஒரு பெயர், அட்டை கடிக்கும் வளைவுக்கு ஒரு பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: அங்கே என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது. "இங்கிட்டு வலப்பக்கத் தண்ணியக் குடிக்கலாம், இடப்பக்கத்துது குடிக்கக் கூடாது." கூட ஏறிய பெண்கள் வைத்த பெயர்கள் அவை. எந்த மேப்பிலும் இல்லாதவை. நடுவில், "அதுக்கு மேல சென்ட்ரல் டேசன்" என்றாள். சிரித்துவிட்டேன்.

சென்ட்ரல் ஸ்டேஷன் என்பது மலைமேல் இருக்கும் சின்ன ஊர். ரயில் நிலையம் கிடையாது. அதற்கும் மேலே டாப் ஸ்டேஷன், சுற்றுலாப் பயணிகள் மூணாறிலிருந்து வந்து செல்ஃபி எடுக்கும் இடம். அங்கும் ரயில் கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு, மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி. 1908-இல் அதை மாற்றிக் குறும்பாதை ரயில். தேயிலை டாப் ஸ்டேஷன் வரைக்கும் ரயிலில் வரும். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் கம்பியில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டுவண்டியில் போடிக்கு. 1924 வெள்ளத்தில் ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவில்லை. ரயில் போய் நூறு வருடமாகிறது. ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் தினமும் லோட் ஆகிறது.

என் பழைய கோப்பிலும் அப்படி வரிகள் உண்டு. இரண்டு கம்பெனிக்கு முன்பு இருந்த ஒரு சர்வரின் முகவரி, அந்தக் கம்பெனியை விட்டு ஆறு வருடம் கழித்தும், தினமும் காலையில் என் எடிட்டருக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அதை நீக்கியபோது எனக்குச் சந்தோஷம். ஊர்ப் பெயரை அப்படி நீக்க முடியாது. நீக்கினால் அப்பத்தாவுக்கு வழி தப்பிவிடும்.

பேச்சு ஏலத்தோட்டத்துக் குடிசைக்கு வந்தது. பறிப்புக் காலத்தில் வாரக்கணக்கில் மேலே தங்க வேண்டியிருக்கும். "ஒவ்வொரு தடவையும் சாமானெல்லாம் தூக்கிட்டுப் போவியா?" என்றேன்.

"எதுக்குத் தூக்கணும்? மேலுக்குன்னு ஒரு சட்டி அங்கனயே கெடக்கும். உப்பு, ஒரு போர்வை. தீப்பெட்டிய தகர டப்பாவுல போட்டு மூடி வச்சிருவோம், நமுத்துப் போகாம. வீட்டுச் சாமான மேல கொண்டுபோனா வீட்ல இருக்கவுக எதுல காச்சுவாக?"

"அப்ப எதுவுமே கொண்டு போகமாட்டியா?"

"அருவா கொண்டுபோவேன். அது கைக்குப் பழகினதுல்ல."

எழுதிக்கொண்டிருந்த விரல் நின்றது. இரண்டு வருடமாக நான் மல்லுக்கட்டிய கேள்விக்கு, எதைப் பிரித்து வைப்பது, எதைப் பொதுவாக வைப்பது என்பதற்கு, இதைவிடத் தெளிவான பதிலை நான் எந்த மேனுவலிலும் படித்ததில்லை. மழையில் நனைந்து போய்ச் சேரும்போது முதலில் என்ன வேண்டும் என்று தெரிந்தவள் போட்ட பட்டியல் அது. என்னுடையது, பெங்களூரில் ஃபைபர் இணைப்பும் நாற்காலியும் உள்ளவன் போட்ட பட்டியல்.

மொத்தம் 41 வரி எழுதினேன். யூனிகோடில் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு மூன்று பைட். எல்லாம் சேர்த்து மூன்று கிலோபைட் சொச்சம்.

*

அந்த வருடம் ஜூலை கடைசியில் இமேக்ஸ் 29 வந்தது. எந்த டைரக்டரியிலிருந்து தொடங்க வேண்டும் என்று திறக்கும்போதே சொல்லிவிடும் வசதி அதிலேயே வந்துவிட்டது. வாட்ச்மேனுக்கு வேலை இல்லை. நியோவிம் ஆட்களுக்கும் அதே வருடம் ஏப்ரலில், 0.9-ஆம் பதிப்பில், இதே போன்ற ஒன்று வந்திருந்தது. நண்பர்கள் குழுவில் ஒரே கொண்டாட்டம். நானும் ஒரு படம் போட்டேன்.

ஆகஸ்டில் அப்பத்தா போய்ச் சேர்ந்தாள். காரியத்துக்கு மதுரையிலிருந்து ரயிலில் போனேன். அகலப்பாதை வேலைக்காகப் பன்னிரண்டு வருடத்துக்கும் மேல் நின்றிருந்த போடி ரயில், அந்த ஜூனில்தான் திரும்ப ஓட ஆரம்பித்திருந்தது. வண்டியில் உட்கார்ந்து அந்த 41 வரியைத் திறந்து படித்தேன். அதில் அக்கா இல்லை.

இப்போது என்னிடம் மூன்று தொடக்கக் கோப்புகள் இருக்கின்றன. வேலைக்கானது பெரியது, அடிக்கடி உடையும், அதைப் பற்றிக் கவலையில்லை. எழுத்துக்கானது சின்னது. தானாக மூடும் குறிகளும் தொங்கும் பரிந்துரைகளும் கிடையாது. மூன்றாவதன் பெயர் 'மேலுக்கு'. நாற்பது வரிதான். வெளியிலிருந்து எதையும் இறக்காது, எந்தப் பேக்கேஜையும் கேட்காது. இமேக்ஸோடு பிறந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, தமிழை ஏற்றி, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, கோப்பைத் தானாகச் சேமித்துக்கொண்டிருக்கும். மூன்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு கோப்பு. என் தமிழ்ப் பலகையும், கைக்குப் பழகிய பத்துப் பன்னிரண்டு விசைகளும் அதில். அதற்கு என்ன பெயர் வைத்திருப்பேன் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

மாதம் ஒரு முறை வைஃபையை அணைத்துவிட்டு 'மேலுக்கு' திறக்கிறதா என்று பார்ப்பேன். அதில் புதிதாக ஒரு வரி சேர்க்க ஆசை வந்தால், 'குரங்கணியில் இது முழிக்குமா?' என்று கேட்டுக்கொள்வேன். பெரும்பாலும் முழிக்காது. சேர்க்க மாட்டேன்.

போன மாதம் அப்பா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். போடியில் ஏலக்காய் ஏலம், மழை, முட்டிவலி என்று போய்க்கொண்டிருந்த பேச்சு திடீரென்று, "ஒங்கப்பத்தா ஒரு தடவ என்னய மேல தூக்கிட்டுப் போயி..." என்று திரும்பியது. மீட்டிங் தொடங்க மூன்று நிமிடம் இருந்தது. "ஒரு நிமிஷம்ப்பா" என்று வாய்வரை வந்துவிட்டது.

"சொல்லுங்கப்பா" என்றேன். பக்கத்தில் கிடந்த மின்கட்டண ரசீதைத் திருப்பிப் போட்டு, பேனாவை எடுத்தேன்.